எழுத்து எழுத்தாய் வாசிக்கும் அந்தக் குரல் யாருடையது? – சிற்றலை கேள்வி–பதில்

சிற்றலையில் ராணுவக் கால்சைன்களும் (வானொலியில் பேசுகிறவர் தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்ளும் பெயர்கள்) காதில் விழும் என்று சென்ற இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருக்கிறார்கள். அதனால் எல்லாருக்கும் ஊர் மட்டும். புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி: தூத்துக்குடிக்காரன். சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக இருந்தவன். கப்பலில் எங்களை 'மார்க்கோனி சாப்' என்பார்கள். 1999 பிப்ரவரியில் செயற்கைக்கோள் வழி அபாயத் தொடர்பு முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் எங்கள் வேலை கரையேறிவிட்டது. காது மட்டும் இன்னும் கடலில்தான்.

இரவில் 11175 கிலோ ஹெர்ட்ஸில் ஓர் அமெரிக்கக் குரல் ஆல்ஃபா, செவன், கிலோ என்று எழுத்தும் எண்ணுமாக வாசிக்கிறது. ஒரு நிமிடம்போல வாசித்துவிட்டு மறைந்துவிடுகிறது. யார் அது? எங்கிருந்து? – பல்லடம்

அலைவரிசை எண்ணைக் குறித்து அனுப்பினீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. 11175 அமெரிக்க விமானப்படையின் உலகளாவிய உயர் அலைவரிசைத் தொடர்பு அமைப்பினுடையது. ஆங்கிலத்தில் சுருக்கமாக எச்.எஃப்.ஜி.சி.எஸ். இதே அமைப்பு 4724, 6739, 8992, 13200, 15016 ஆகிய இடங்களிலும் பேசும். எல்லாமே மேல் பக்கப்பட்டை, அதாவது யூ.எஸ்.பி. முறை.

நீங்கள் கேட்டது அமெரிக்கப் படைகளுக்குச் சங்கேதமாகப் போகும் அவசர நடவடிக்கைச் செய்தி. அதன் வாசிப்புக்கு ஒரு சடங்கு உண்டு. முதலில் ஆறு எழுத்துகளை மூன்று முறை சொல்வார்கள். 'ஸ்டாண்ட் பை' என்பார்கள். பிறகு அதே ஆறு எழுத்துகளில் தொடங்கி முழுச் செய்தியும் வரும். பெரும்பாலும் 30 எழுத்து. 'ஐ சே அகெய்ன்' என்று இன்னொரு முறை. கடைசியில் 'திஸ் இஸ்' என்று ஒரு பெயரைச் சொல்லி 'அவுட்'. அந்தப் பெயர்தான் கால்சைன். அதை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. ஏதாவது ஒரு சாதாரண ஆங்கிலச் சொல்லாக இருக்கும். நாளைக்கு வேறு சொல்லாக மாறிவிடும். ஆளை மறைக்கத்தானே அந்த ஏற்பாடு?

எங்கிருந்து என்ற கேள்விக்குப் பெயரைவிட ஒலி நன்றாகப் பதில் சொல்லும். வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ஆண்ட்ரூஸ் தளத்தில் உட்கார்ந்துகொண்டே உலகம் முழுக்க உள்ள நிலையங்களை இயக்குகிறார்கள். குவாம், ஹவாய், ஜப்பானில் யோகோட்டா, இத்தாலியில் சிகொனெல்லா, அட்லாண்டிக்கில் அசென்ஷன் தீவு, நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் டியேகோ கார்சியா தீவு. ஒரே செய்தி ஒரே நேரத்தில் பல நிலையங்களிலிருந்து கிளம்பும்போது ஒவ்வொன்றும் சிறிது முன்பின்னாக நம் காதுக்கு வரும். அதனால் குரலுக்குப் பின்னாலேயே அதன் எதிரொலி கேட்கும். அடுத்த முறை கவனியுங்கள். எதிரொலியோடு எழுத்து வாசிக்கும் குரல் என்றால் இந்த அமைப்புதான் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிக்கொள்ளலாம்.

தென்தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு சௌகரியம். தூத்துக்குடியிலிருந்து டியேகோ கார்சியா ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர்தான். சிற்றலைக்கு அது பக்கத்து வீடு. நான் கப்பலில் இருந்த காலத்தில் ஒவ்வொரு நிலையமும் தன் ஊர்ப்பெயரைச் சொல்லியே பேசும். விமானி 'மெயின்சேல், மெயின்சேல்' என்று கூப்பிடுவார். 'யார் கேட்டாலும் சரி, பதில் சொல்லுங்கள்' என்று பொருள். உடனே 'டியேகோ கார்சியா' என்று ஒரு பையன் பதில் கொடுப்பான். அப்புறம் வானிலை கேட்பார்கள், ஊருக்குத் தொலைபேசி இணைப்புக் கேட்பார்கள். மெயின்சேல் இன்றும் அதே பொருளில் காதில் விழும். அது யாருடைய கால்சைனும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'மெயின்சேல் என்ற விமானத்தைக் கேட்டேன்' என்று எழுதிய ஈரோட்டு வாசகருக்கும் இதுவே பதில்.

இன்னொரு வகைச் செய்தியும் உண்டு. 'ஸ்கைகிங், ஸ்கைகிங், டு நாட் ஆன்ஸர்' என்று தொடங்கும். ஒரு குறிச்சொல், நேரம் என்று இரண்டு இலக்கம் (மணி இருக்காது, நிமிடம் மட்டும்), உறுதிச் சான்றாக இரண்டு எழுத்து, அவ்வளவுதான். இதையும் இரண்டு முறை சொல்வார்கள். ஸ்கைகிங் என்பதும் தனி ஒருவரின் பெயரில்லை. கேட்கவேண்டியவர்கள் எல்லாருக்கும் சேர்த்து வைத்த பொதுப்பெயர். இந்தச் செய்திகளில் என்ன சொல்கிறார்கள் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். அவை உங்களுக்கு எழுதப்பட்டவை இல்லை, உடைக்கும்படியும் எழுதப்பட்டவை இல்லை.

ராணுவக் கால்சைன்கள் அனைத்தும் அடங்கிய பட்டியல் எங்கே கிடைக்கும்? ஒரு பெயரைக் கேட்டதும் இன்ன நாடு, இன்ன விமானம் என்று கண்டுபிடிக்க வேண்டும். – பொறியியல் மாணவர், திருநெல்வேலி

தம்பி, முழுப் பட்டியல் என்று எதையாவது யாராவது விற்றால் வாங்கிவிடாதீர்கள். கால்சைன் இரண்டு சாதி. ஒன்று ஊரறிய வைத்த நிரந்தரப் பெயர். மற்றது வேலைக்காக அன்றன்றைக்கு வைத்துக்கொள்ளும் பெயர். முதல் சாதிக்குப் பட்டியல் உண்டு. இரண்டாவதற்கு இருக்க முடியாது. நேற்றைய பெயர் இன்று வேறு யாருக்கோ போயிருக்கும்.

நிரந்தரப் பெயர்களிலிருந்து தொடங்குங்கள். ராணுவச் சரக்கு விமானங்கள் பயணிகள் விமானங்களோடு ஒரே வான்பாதையில் பறக்க வேண்டும். அதனால் அவற்றுக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் மூன்றெழுத்துக் குறியும் பேசும் பெயரும் தந்திருக்கிறது. 'ரீச்' என்று கேட்டால் அமெரிக்க விமானப்படையின் ஏர் மொபிலிட்டி கமாண்ட், எழுத்தில் ஆர்.சி.எச். பின்னால் பெரும்பாலும் எண் வரும். 'ஆஸ்காட்' என்றால் பிரிட்டிஷ் விமானப்படையின் போக்குவரத்து விமானம், ஆர்.ஆர்.ஆர். 'கேன்ஃபோர்ஸ்' என்றால் கனடா. அது 11232-இல் 'ட்ரென்டன் மிலிட்டரி' என்ற தரைநிலையத்தோடு பேசுவதையும் பிடிக்கலாம். 'கோட்டம்' பிரெஞ்சு. 'ஜெர்மன் ஏர்ஃபோர்ஸ்' தன் பெயரை மறைக்காமல் அப்படியே சொல்லும்; ஜெர்மானியர்களுக்குச் சுற்றிவளைக்கத் தெரியாது.

இந்தப் பெயர்களில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. வைத்தவர்கள் போன பின்னும் பெயர் போவதில்லை. ஆஸ்காட் என்பது பிரிட்டனில் 1967 முதல் 1972 வரை இருந்த 'ஏர் சப்போர்ட் கமாண்ட்' என்ற பிரிவின் பெயரிலிருந்து வந்த சுருக்கம். கோட்டம் என்பதும் பிரெஞ்சு ராணுவ விமானப் போக்குவரத்துத் தலைமையின் சுருக்கம்தான். அந்தத் தலைமை 1994-இல் கலைக்கப்பட்டது. இரண்டு பிரிவும் இன்று இல்லை. வானத்தில் பெயர் மட்டும் பறந்துகொண்டிருக்கிறது. பிரெஞ்சு அதிபர் ஏறினால் அதுவே 'கோட்டம் யூனிதே', அதாவது கோட்டம் ஒன்று. அமெரிக்கர்கள் மட்டும் மாற்றிக்கொண்டார்கள். அவர்களுடைய போக்குவரத்துப் பிரிவு முன்பு மிலிட்டரி ஏர்லிஃப்ட் கமாண்ட். அப்போது கூப்பிடும் பெயர் 'மாக்'. 1992 ஜூனில் பிரிவு மாறியதும் ரீச் வந்தது. என் பழைய குறிப்பேட்டைப் புரட்டினால் வளைகுடாப் போர்க் காலப் பக்கங்களில் மாக், மாக் என்று வரிசையாக நிற்கும்.

இன்னும் சில பெயர்கள் பிரிவோடு ஒட்டிக்கொண்டவை. 'மேஜிக்' என்றால் ஜெர்மனியின் கெய்லன்கிர்ஷனிலிருந்து கிளம்பும் நேட்டோவின் ரேடார் விமானம். 'டீல்' என்றால் மிசிசிப்பியின் கீஸ்லர் தளத்துப் புயல்வேட்டை விமானம், 53-ஆவது வானிலை உளவுப் படைப்பிரிவு. டீலை இங்கிருந்து பிடிக்க ஆசைப்படாதீர்கள். அது மெக்சிகோ வளைகுடாவிலும் அட்லாண்டிக்கிலும் சுற்றுவது.

இரண்டாவது சாதிக்கு என் வழி இது: பெயரை நம்பாதீர்கள், பெயரைச் சுற்றியுள்ளதை நம்புங்கள். எந்த அலைவரிசை, எந்த முறை, யார் யாரைக் கூப்பிட்டார்கள், என்ன கேட்டார்கள், உச்சரிப்பு எந்த ஊருடையது, எத்தனை மணி. இத்தனையும் குறித்துவைத்தால் பெயர் தெரியாவிட்டாலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். பெயரை மட்டும் குறித்துவிட்டுப் பட்டியலைத் தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது.

8879-இல் 'ஸ்பீட்பேர்ட்' என்று ஒருவர் மும்பையைக் கூப்பிட்டார். போர் விமானமா? – காரைக்குடி

பிரிட்டிஷ் ஏர்வேஸ். உள்ளே சாப்பாட்டு வண்டி தள்ளிக்கொண்டிருப்பார்கள்.

8879 இந்தியப் பெருங்கடலைக் கடக்கும் பயணிகள் விமானங்களின் அலைவரிசை. வங்காள விரிகுடாப் பக்கம் என்றால் 6556, 10066. அங்கே கேட்கும் விசித்திரப் பெயர்கள் அநேகமாக விமான நிறுவனங்களுடையவை. 'ஸ்பிரிங்பாக்' தென்னாப்பிரிக்கா, அந்த மாதிரி. ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டிருங்கள். கடல் கடக்கும் ராணுவச் சரக்கு விமானமும் அதே வரிசையில் நின்று அதே பணிவோடுதான் தன் நிலையைச் சொல்லும். ரீச் என்றோ ஆஸ்காட் என்றோ விழுந்தால் அன்றைக்கு உங்களுக்கு யோகம்.

ஏர்ஃபோர்ஸ் ஒன் என்பது அமெரிக்க அதிபரின் விமானத்தின் பெயர்தானே? என் நண்பர் இல்லை என்கிறார். – தஞ்சாவூர்

நண்பர் சொல்வது சரி. அதிபர் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அந்த விமானப்படை விமானத்துக்கு வாய்க்கும் கால்சைன் அது. அவர் இறங்கினால் கால்சைனும் இறங்கிவிடும்.

காரணம் ஒரு குழப்பம். 1953-இல் ஐசன்ஹோவர் போன விமானம் 'ஏர்ஃபோர்ஸ் 8610' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதே வான்பகுதியில் ஈஸ்டர்ன் நிறுவனத்தின் பயணிகள் விமானம் ஒன்று, அதுவும் 8610. அதிபருக்கு அப்படியொரு ஆபத்து மறுபடி வரக் கூடாது என்றுதான் யாரோடும் குழம்ப முடியாத தனிப்பெயர் பிறந்தது.

இதற்கு நல்ல சாட்சி 1974 ஆகஸ்ட் 9. நிக்சன் பதவி விலகி வாஷிங்டனிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் பறந்துகொண்டிருந்தார். கிளம்பும்போது ஏர்ஃபோர்ஸ் ஒன். நடுவழியில், மிசூரி மாநிலத்துக்கு மேலே, கீழே ஃபோர்டு பதவிப் பிரமாணம் எடுத்துவிட்டார். விமானி தரைக்கட்டுப்பாட்டைக் கூப்பிட்டு இனி எங்கள் கால்சைன் 'சாம் 27000' என்று மாற்றிக்கொண்டார். அதே விமானம், அதே இருக்கை, அதே ஆள். சாம் என்பது சிறப்பு வான்பயணம் என்பதன் சுருக்கம். முக்கியப் புள்ளிகள் ஏறும் அமெரிக்க விமானப்படை விமானங்களுக்கு இன்றும் அதுவே. மரைன் படையின் ஹெலிகாப்டரில் ஏறினால் அதிபர் 'மரைன் ஒன்'. சாதாரணப் பயணிகள் விமானத்தில் ஏறினால் 'எக்ஸிகியூட்டிவ் ஒன்'.

நீங்கள் சொன்ன அலைவரிசைகளை என் ரேடியோவில் வைத்தால் வாத்து கத்துகிற சத்தம்தான் வருகிறது. – விருத்தாசலம்

ரேடியோவில் எஸ்.எஸ்.பி., அதாவது ஒற்றைப் பக்கப்பட்டை வசதி இல்லை என்று அர்த்தம். மேலே சொன்ன யூ.எஸ்.பி. அதில் ஒரு வகை. பாட்டும் செய்தியும் கேட்கிற சாதாரண சிற்றலைப் பெட்டி இதற்கு ஆகாது. டெக்சன் பி.எல்-330 மாதிரி எஸ்.எஸ்.பி. உள்ள கையடக்கப் பெட்டி ஒன்றும், மொட்டைமாடியில் ஒரு பத்து மீட்டர் ஒயரும் போதும். வாங்கும் முன் பழகிப்பார்க்க நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் இணையத்தில் ஒரு ரேடியோவை எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அதில் கேட்பது ஐரோப்பாவின் காது என்பதை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே கேட்டதை இங்கே கேட்டதாக எழுதி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

7039-இல் மோர்ஸ் போல ஒரே எழுத்து ஓயாமல் வருகிறது. சில நாள் ஒன்று, சில நாள் இரண்டு மூன்று கலந்து. யாருக்கு அனுப்புகிறார்கள்? – ஹாம் (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலிக்காரர்), கோயம்புத்தூர்

நல்ல கேள்வி. கால்சைனைக் காதாலேயே ஊர்வரைக்கும் துரத்திப்போகக்கூடிய இடம் சிற்றலையில் இது ஒன்றுதான் என்பேன்.

அவை ரஷ்யக் கடற்படையின் ஒற்றையெழுத்து நிலையங்கள். ஓர் ஊருக்கு ஓர் எழுத்து. டி என்றால் கருங்கடலில் செவஸ்தோபோல். பி கலினின்கிராட். எஸ் வடக்கே செவெரோமோர்ஸ்க். சி மாஸ்கோ. எஃப் விளாடிவோஸ்டாக், கே கம்சாட்காவின் பெத்ரபாவ்லோவ்ஸ்க், எம் மகதான். எந்நேரமும் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். எந்த ஊரின் அலை எங்கே எட்டுகிறது என்று கப்பல்காரர்கள் பார்த்துக்கொள்வதற்கு என்பதே பொதுவான கருத்து. தொலைவில் போகும் கப்பலுக்கு இப்போது எந்தத் தளத்தைக் கூப்பிட்டால் காரியம் ஆகும் என்று தெரிய இதைவிட எளிய வழி இல்லை. கடலில் இருந்த எங்களுக்கும் ஓசியில் உதவியிருக்கிறது.

அடையாளம் காண ஒரு கணக்குச் சொல்கிறேன். இந்த நிலையங்கள் ஒன்றுக்கொன்று 0.1 கிலோ ஹெர்ட்ஸ் தள்ளி அடுக்காக உட்கார்ந்திருக்கின்றன. டி 7038.7, பி 7038.8, எஸ் 7038.9, சி 7039.0, ஒன்றை விட்டு எஃப் 7039.2, கே 7039.3, எம் 7039.4. ரேடியோவை யூ.எஸ்.பி-யில் சரியாக 7038-இல் வையுங்கள். இப்போது டி 700 ஹெர்ட்ஸ் தொனியில் கேட்கும், சி 1000-இல், எஃப் 1200-இல், எம் 1400-இல். அதாவது பொதுவாக மேற்குப் பக்கத்தவர் தாழ்ந்த சுருதி, கிழக்குக்கோடியில் இருப்பவர் உயர்ந்த சுருதி. எழுத்து புரியாத அளவு இரைச்சல் இருந்தாலும் சுருதியை வைத்து ஊரைச் சொல்லிவிடலாம். கைபேசியில் ஒலியின் அலைவரிசையை அளக்கும் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. சந்தேகம் வந்தால் அதில் பாருங்கள். உங்கள் ரேடியோவின் எண்காட்டி சற்றுப் பிசகலாம். சீனாவின் பி.பி.எம். நேரக்குறி நிலையம் 10000-இல் வருமே, அதை வைத்து முதலில் சரிபார்த்துக்கொண்டால் தகராறு இல்லை.

எழுத்து காதில் விழுந்தால் இன்னும் சுலபம். எஃப்: டிட் டிட் டா டிட். கே: டா டிட் டா. எம்: டா டா. மாலை இருட்டியதும் இந்தக் கிழக்குக்கோடி மூவரைத் தேடுங்கள். அங்கே ஏற்கெனவே இருட்டியிருக்கும், பாதை முழுக்க இரவு. நடுநிசி தாண்டியதும் மாஸ்கோப் பக்கத்தைத் தேடலாம்.

7000 முதல் 7200 வரை நம் ஹாம்களின் இடமாயிற்றே, அங்கே இவர்கள் ஏன் என்று கடிதத்தின் பின்பாதியில் கோபப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயம். அது விளாடிவோஸ்டாக் வரை கேட்காது.

4625-இல் கொர்ர், கொர்ர் என்று வரும் 'பஸ்ஸர்' நிலையத்தின் கால்சைன் என்ன? யூ.வி.பி-76 என்று படித்தேன். – புதுச்சேரி

அந்தப் பெயர் பிரபலமானதே ஒரு காது மயக்கத்தால், யூ.இசட்.பி-76 என்பதே சரி. அதுவும் பழைய கதை. 2010 செப்டம்பரில் எம்.டி.ஜே.பி. ஆனது, பிறகும் சில முறை மாறி, 2020 கடைசியில் என்.ஜே.டி.ஐ. இந்த எழுத்துகளை அவர்கள் ஆட்பெயர்களாக வாசிப்பார்கள்: நிக்கலாய், ஜென்யா, தத்யானா, இவான். சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு ரஷ்யக் குரல் இப்படிப் பெயர்களாக அடுக்கினால் முதல் நான்கும் கால்சைன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்ய ராணுவச் செய்தி நிலையம். அதைச் சுற்றி இணையத்தில் கட்டியிருக்கும் உலக அழிவுக் கதைகளுக்கு நான் பொறுப்பில்லை.

எனக்கு மோர்ஸ் தெரியும். 'வி.வி.வி. டி.இ. 4எக்ஸ்இசட்' என்று பிடித்தேன். இதில் எதை வைத்து நாட்டைக் கண்டுபிடிப்பது? – நாகப்பட்டினம்

மோர்ஸ் தெரிந்த வாசகரைக் கண்டதும் மனது குளிர்ந்துவிட்டது. வி.வி.வி. என்பது சோதனை. டி.இ. என்றால் 'இன்னாரிடமிருந்து'. அதற்குப் பின்னால் வருவதே ஆள். முதல் இரண்டு எழுத்தைப் பாருங்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒவ்வொரு நாட்டுக்கும் தொடக்க எழுத்துகளைப் பங்கிட்டுத் தந்திருக்கிறது. 4எக்ஸ் இஸ்ரேல். உங்கள் நிலையம் ஹைஃபா கடற்படை வானொலி. ஆர் என்று தொடங்கினால் ரஷ்யா, ஆர்.ஐ.டபிள்யூ. மாஸ்கோ, ஆர்.ஜே.எஸ். விளாடிவோஸ்டாக், ஆர்.சி.வி. செவஸ்தோபோல். இந்தியாவுக்கு ஏ.டி. முதல் ஏ.டபிள்யூ., வி.டி. முதல் வி.டபிள்யூ., 8டி முதல் 8ஒய் வரை. இலங்கை 4பி முதல் 4எஸ்.

எஃப் என்றால் பிரான்ஸ். ரீயூனியன் தீவிலிருந்து பிரெஞ்சுக் கடற்படையின் எஃப்.யூ.எக்ஸ். நம் பக்கம் நன்றாகவே எட்டும். ஆனால் அது மோர்ஸில் வராது, 75 பாட் வேக டெலிடைப்பில் (தட்டச்சு எழுத்தை ரேடியோ வழி அனுப்பும் முறை) வரும். கணினியில் பிரித்தால் அதே வி.வி.வி. டி.இ. திரையில் ஓடும். மோர்ஸ், டெலிடைப் கால்சைன்கள் குரல் கால்சைன்களைவிட நேர்மையானவை. நாட்டை மறைப்பதில்லை.

11226, 9025 பக்கம் சில வினாடிகள் மட்டும் கிளுகிளுவென்று ஒரு ஒலி வந்து போகிறது. அதிலும் கால்சைன் இருக்குமா? – ஓசூர்

இருக்கும், ஆனால் காதுக்கு இல்லை. ஏ.எல்.இ. என்ற தானியங்கி இணைப்பு முறை அது. எந்த அலைவரிசையில் எதிர்முனை நன்றாகக் கேட்கிறது என்று ரேடியோக்களே ஒன்றையொன்று கூப்பிட்டுப் பார்த்துக்கொள்கின்றன. எட்டுத் தொனிகள், 750 முதல் 2500 ஹெர்ட்ஸ் வரை. மல்டிபி.எஸ்.கே. போன்ற மென்பொருளில் விட்டால் 'இன்னாருக்கு, இன்னாரிடமிருந்து' என்று முகவரி எழுத்தாக வரும். நீங்கள் சொன்ன இரண்டு இடமும், அவற்றோடு 13215, 15043-உம், மேலே பல்லடத்துக்காரருக்குச் சொன்ன அதே அமெரிக்க அமைப்புதான். ஏ.டி.டபிள்யூ. ஆண்ட்ரூஸ், ஜே.டி.ஜி. டியேகோ கார்சியா, ஜி.யூ.ஏ. குவாம், ஜே.டி.ஒய். யோகோட்டா, ஐ.சி.இசட். சிகொனெல்லா. குரலில் பெயரை நாள்தோறும் மாற்றுகிறவர்கள் இங்கே ஊரை அப்படியே போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

ராத்திரி முழுக்கக் கணினியை ஓடவிட்டுக் காலையில் பார்க்கலாம். வசதிதான். எனக்கு அதில் ருசியில்லை. தூண்டிலைக் கரையில் கட்டிவிட்டு வீட்டில் தூங்குகிற மாதிரி.

இதையெல்லாம் கேட்பது குற்றமா? நம் நாட்டுப் படைகளின் கால்சைன்களையும் எழுதினால் என்ன? – இரண்டு கடிதங்கள், சென்னை, மதுரை

சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகளின் கொள்கை இது: பொதுமக்களுக்காக அனுப்பப்படாத செய்திகளை அனுமதியின்றி இடைமறிப்பதும், அப்படிக் காதில் விழுந்தவற்றின் உள்ளடக்கத்தை வெளியே சொல்வதும் பயன்படுத்திக்கொள்வதும் கூடாது. எது எவ்வளவு என்பது நாட்டுக்கு நாடு சட்டத்தில் வேறுபடும். பிரிட்டனில் ஒரு மாதிரி, அமெரிக்காவில் ஒரு மாதிரி. நம் ஊரில் டிரான்ஸ்மிட்டரைத் தொட்டால் உரிமம் இல்லாமல் கதி கிடையாது. கேட்பதற்கும் விதிகள் உண்டு. உங்கள் ஊர் ஹாம் சங்கத்தில் விவரம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். நான் இங்கே சொன்னதெல்லாம் பல ஆண்டுகளாக ஊரறிந்த அலைவரிசைகளும் பெயர்களும்தான். எந்தச் செய்தியின் உள்ளடக்கமும் இந்தப் பக்கத்தில் வராது.

இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடையாது. எல்லையில் நிற்கும் பையன் என்ன பெயரில் பேசுகிறான் என்று ஆராய்ச்சி செய்வது எனக்குப் பொழுதுபோக்கு இல்லை. கடிதங்களில் நீங்கள் பிடித்ததாக எழுதியிருந்த விவரங்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் விஜயநாராயணம் கடற்படைத் தளத்தில் வானுயரக் கோபுரங்கள் நிற்கின்றன. சிற்றலையில் அதைக் கேட்க முடியுமா? – நாங்குநேரி

முடியாது. மேலே சொன்ன விரதத்துக்கு இது விரோதம் இல்லை. உலகக் கையேடுகளிலெல்லாம் இருக்கும் நிலையம் என்பதால் சொல்கிறேன். ஐ.என்.எஸ். கட்டபொம்மன், 1990 அக்டோபரில் தொடங்கப்பட்டது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. சிற்றலை கடல்நீருக்குள் இறங்காது. மிகத் தாழ்ந்த அலைவரிசைதான் ஓரளவு ஆழம் வரை போகும். அதனால் 18.2 கிலோ ஹெர்ட்ஸ். அலை நீளம் ஏறத்தாழ 16.5 கிலோமீட்டர். அவ்வளவு நீளமான அலையைக் கிளப்பத்தான் அவ்வளவு பெரிய கோபுரங்கள். நடுக்கோபுரங்களின் உயரம் 471 மீட்டர். கையேடுகளில் கால்சைன் வி.டி.எக்ஸ்-3. வி.டி. என்றால் எந்த நாடு என்று நாகப்பட்டினத்தாரைக் கேளுங்கள்.

பெயரைச் சரியாகக் காதில் வாங்குவதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஏதாவது பழக்கம் உண்டா? – ராமநாதபுரம்

நேரத்தை யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள், நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி குறைவு. எண்களை அவர்கள் எப்படி உடைத்துச் சொல்வார்கள் என்று பழகிக்கொள்ளுங்கள். மூன்று 'ட்ரீ', ஐந்து 'ஃபைஃப்', ஒன்பது 'நைனர்'. நைனரை ஆள் பெயர் என்று எழுதி அனுப்பியவர் உண்டு.

முதல் முறை கேட்டதைப் பென்சிலில், ஒலி எப்படி விழுந்ததோ அப்படியே எழுதுங்கள். அகராதியில் இருக்கிற சொல்லாகத் திருத்தாதீர்கள். அதே உரையாடலில் பெயர் இரண்டு மூன்று முறையாவது மறுபடி வரும். தரைநிலையம் அதைத் திருப்பிச் சொல்லும்போது கவனியுங்கள். விமானத்தின் இரைச்சல் அங்கே இருக்காது, பெயர் தெளிவாக வரும். அப்போது மையில் எழுதலாம். வராவிட்டால் பென்சில் பென்சிலாகவே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, அலைவரிசையையும் நேரத்தையும் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதே நேரத்துக்கு அங்கேயே போய் உட்காருங்கள். அடுத்த இதழுக்கான கடிதங்கள் 20-ஆம் தேதிக்குள் வரவேண்டும். அலைவரிசை எழுதாத கடிதங்களைத் திறந்த வேகத்தில் மூடிவிடுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.